பதினாறாம் எண் வளை: மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை நாட்டில் ஒரு சிலந்தியைத் தேடி

வெள்ளி இரவு, பெர்த்

திங்கட்கிழமை மேற்கு ஆஸ்திரேலிய தினம். சனி ஞாயிறோடு சேர்த்து நல்ல விடுமுறை. மச்சான் மார்கரெட் ரிவர் போகலாம் என்றார். கடல், குகை, திராட்சைத் தோட்டம் எல்லாம் அங்கே இருக்கிறது. நான் டாமின் போகலாம் என்றேன். கல்கூர்லி போகும் வழியில், வண்டியின் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றுவதற்குள் முடிந்துவிடுகிற ஊர் அது.

"அங்க என்ன மாப்ள இருக்கு? கோதுமை கொட்டி வைக்கிற சைலோதான் இருக்கு."

"ஒரு எட்டுக்கால் பூச்சி இருந்த இடம் இருக்குங்க மச்சான்."

"இருந்த இடமா? அப்ப இப்ப இல்லையா?"

"2016லயே செத்துப்போச்சுங்க."

அடுப்படியிலிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனாலும் மச்சான் ஒத்துக்கொண்டார். அவருக்குப் புது வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

நான் தேடிப் போவது கையஸ் வில்லோசஸ் என்ற கதவுச் சிலந்தி. மண்ணில் வளை தோண்டி, வாசலுக்குக் கதவுபோல ஒரு மூடி போட்டுக்கொள்வதால் அந்தப் பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் வாழ்வது. 1914-ல் அறிவியல் பெயர் பெற்றது. இடையில் வேறு பேரினத்தில் வைத்திருந்து, மறுபடி பழைய பெயருக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் ஒரு பெண் சிலந்திக்கு ஆய்வாளர்கள் வைத்த அடையாளம் பதினாறாம் எண். 43 வயது வரை வாழ்ந்தாள். உலகத்தில் வயது பதிவான சிலந்திகளில் அவள்தான் மூத்தவள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது மெக்ஸிகோ டரான்டுலா ஒன்று, வயது 28.

நம் வீட்டு மூலையில் வலை கட்டும் சிலந்திக்கு நச்சுப்பற்கள் இரண்டு பக்கமிருந்தும் குறுக்காக வந்து சேரும். கதவுச் சிலந்திகளுக்கு அப்படி இல்லை. இரண்டு பற்களும் இணையாக மேலிருந்து கீழே இறங்கும். அதனால் குத்துவதற்கு முன் முன்னுடம்பைத் தூக்க வேண்டும், காலுக்குக் கீழே உறுதியான தரையும் வேண்டும். பழைய பரம்பரை இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரப்பொந்துகளில் இருக்கும் பெரிய டரான்டுலாக்களும் இந்தப் பரம்பரையில் வந்தவைதான். கையஸ் சேர்ந்திருக்கும் இடியோப்பிடே குடும்பத்துக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் நம் இந்தியாவிலும் உறவினர்கள் உண்டு.

பெர்த்திலேயே ஒன்றைப் பார்க்க முடியுமா என்று இன்று மதியம் போல்ட் பார்க் புதர்க்காட்டில் குனிந்து குனிந்து நடந்தேன். இந்தக் கரைச் சமவெளியில் எஞ்சியிருக்கும் புதர்க்காடுகளில் இடியோசோமா என்ற வேறொரு கதவுச் சிலந்தி இருக்கிறது. அதன் வயிற்றுப் பின்பகுதி தடித்துக் கெட்டியான கேடயமாகவே ஆகியிருக்கும். ஆபத்து வந்தால் தலைகீழாக வளைக்குள் இறங்கி, குறுகலான இடத்தில் அந்தக் கேடயத்தை வைத்து அடைத்துக்கொண்டு நின்றுவிடும். வளை வாசலின் இரண்டு பக்கமும் சுள்ளிகளை வைத்துக் கட்டியிருக்கும். ஆய்வாளர்களே அதை மீசை என்றுதான் சொல்கிறார்கள். ஒரு சவுக்கு மரத்தடியில் மீசை வைத்த மாதிரி ஒன்று தென்பட்டது. மூடியை வைத்து மட்டும் இனத்தைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, பார்த்தேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன். நடைபயிற்சிக்கு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சனி, கெல்லர்பெரின்

காலையில் அக்கா புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கிரேட் ஈஸ்டர்ன் நெடுஞ்சாலையில் மலையேறினோம். மலை என்றால் நம் ஊர்க் கணக்கில் ஒரு மேடு.

மேலே ஏறிக் கிழக்கே போகப் போக ஒரு பருத்த இரும்புக் குழாய் துணைக்கு வந்து சேர்ந்துகொள்கிறது. முண்டாரிங் அணையிலிருந்து கல்கூர்லித் தங்க வயல்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். 1903-ல் திறந்தார்கள். வடிவமைத்த பொறியாளர் சி.ஒய்.ஓ'கானர் அதைப் பார்க்கவில்லை. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் செய்த வசையைத் தாங்கமுடியாமல் 1902 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். கோதுமைக்காரர்களுக்கு இந்தக் குழாய் பெரிய வரம். வழியில் இருக்கும் ஊர்களெல்லாம் இந்தத் தண்ணீரை நம்பித்தான் நிலைத்தன.

நார்த்தமில் காப்பி. அப்புறம் மெக்கரிங். 1968 அக்டோபர் 14 காலையில் இந்த ஊர் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. ஆஸ்திரேலியாவில் நிலநடுக்கம் வருமா என்று கேட்பவர்களை இங்கே கூட்டி வரலாம். 37 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் உடைந்து ஒரு பக்கம் மேலேறியது. தண்டவாளம் வளைந்தது, தண்ணீர்க் குழாய் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. யாரும் சாகவில்லை என்பதுதான் ஆச்சரியம். மச்சானுக்கு இந்த இடம் பிடித்துப் போய்விட்டது. நசுங்கிய குழாயைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

குண்டர்டின், டாமின், பங்குல்லா, கெல்லர்பெரின். நெடுஞ்சாலை, குழாய், ரயில் பாதை மூன்றும் ஒன்றாகவே போகின்றன. இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு தானியக் களஞ்சியம். ஜூன் தொடக்கம் என்பதால் விதைப்பு முடியும் நேரம். முளைத்த வயலெல்லாம் விரலளவுப் பச்சை, முளைக்காத வயலெல்லாம் செம்மண். இடையில் சாலையோரமாக மட்டும் ஒரு வரிசை மரம். சால்மன் கம் என்கிற யூகலிப்டஸ், இளஞ்சிவப்புப் பட்டை வழவழவென்று, அடிமரம் நிமிர்ந்து நின்று மேலே மட்டும் குடை விரித்திருக்கும். அதன் பக்கத்தில் முறுக்கிப் பிழிந்து நிறுத்தினதுபோல கிம்லெட் மரம். இந்த இரண்டும் நிற்கும் நிலம் வளமான நிலம் என்று ஆரம்பத்தில் குடியேறியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் முதலில் வெட்டப்பட்டவையும் இவைதான்.

வளம் குறைந்த மணல்வெளிகளுக்கும் பின்னால் முறை வந்தது. சூப்பர் பாஸ்பேட்டோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்துப் போட்டால் மணலிலும் கோதுமை வரும் என்று தெரிந்தது. 1960-களில் 'ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர்' என்பதே மாநில அரசின் கொள்கை. அவ்வளவு காட்டை ஒவ்வொரு வருடமும் திறந்துவிட்டார்கள். எப்படி வெட்டினார்கள் என்று கேட்டால், இரண்டு டிராக்டர்களுக்கு நடுவில் பெரிய சங்கிலியைக் கட்டி இழுத்துக்கொண்டே போவார்களாம். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பழைய புதர்க்காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. பல்லார்டாங் நூங்கார் மக்களின் நிலம் இது. அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்த காட்டை நூறு வருடத்துக்குள் இப்படி ஆக்கியிருக்கிறார்கள்.

பதினாறாம் எண்ணை அடையாளம் வைத்தவர் இந்த மண்ணில் பிறந்தவர். பார்பரா யார்க் மெய்ன், 1929-ல் பிறந்தது நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இதே கெல்லர்பெரினில். பக்கத்திலேயே ஒரு கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணைக்கு நடுவில் வெட்டாமல் விட்ட புதர்களில் விளையாடிய பெண், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, 1956-ல் முனைவர் பட்டம் வாங்கி, வாழ்நாள் முழுக்கக் கதவுச் சிலந்திகளோடே இருந்தார். தன் ஊர்க் காடு வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே அதில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

இரவு விடுதியில் நல்ல குளிர். கொஞ்சம் தூறலும் போடுகிறது. மழைக்குப் பிறகு ஆண் சிலந்திகள் வெளியே வரும் காலம் இது, நல்ல சகுனம்தான்.

ஞாயிறு, நார்த் பங்குல்லா

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

பதினாறாம் எண் வாழ்ந்த இந்தக் காப்புக்காட்டின் பெயர் அவளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையிலேயே அச்சாகியிருப்பதால் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பக்கம் நடந்தோம், எந்தப் புதருக்குக் கீழே என்று எழுதப்போவதில்லை. கதவுச் சிலந்திகளைத் தோண்டி எடுத்து வளர்ப்புக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மண்வெட்டிக்கு அரை நிமிட வேலை அது.

சுற்றிலும் கோதுமை, நடுவில் இந்தத் துண்டு. காட்டுக்குள் போவதற்கு முன் காலணி அடியை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டோம். இந்த மாநிலத்தின் புதர்களைக் கொல்லும் ஒரு வேர்நோய் மண் வழியாகப் பரவுகிறது. மச்சானும் மறுபேச்சில்லாமல் தேய்த்தார்.

நம் ஊர்க் காடு என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். இடுப்பளவு, தோளளவு புதர். அகேசியா நிறைய. ஜாம் மரம் என்று ஒன்று, வெட்டினால் ராஸ்பெர்ரி ஜாம் வாசனை வரும் என்பார்கள். நான் வெட்டவில்லை. டாமா என்கிற குட்டைப் புதர், நம் கடற்கரைச் சவுக்கின் குடும்பம்தான். இலையென்று சொல்ல ஒன்றுமில்லாமல் ஊசி ஊசியாகத் தொங்கும். கீழே அந்த ஊசிகளே மெத்தையாகக் கிடக்கும். வருடத்துக்கு 300 முதல் 350 மில்லிமீட்டர்வரைதான் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும்.

இந்தச் சருகுதான் விஷயமே. கையஸ் வளை தோண்டி உள்ளே நூலால் பூசுகிறது. வாய்க்கு ஒரு மூடி, ஒரு பக்கம் கீல் வைத்தது. மூடியின் மேல் சுற்றுப்புறத்தில் கிடக்கும் அதே சருகையும் மண்ணையும் ஒட்டிவிடும். பிறகு வாசல் விளிம்பிலிருந்து நாலாபக்கமும் சுள்ளிகளையும் ஊசி இலைகளையும் நூலால் கட்டி நீட்டி வைக்கும். சிலந்தி உள்ளே விளிம்பில் கால்களை வைத்து உட்கார்ந்திருக்கும். சுள்ளியின் வெளி நுனியில் ஒரு எறும்பு ஏறினால் போதும், அதிர்வு வாசலுக்கு வந்துவிடும். ஓரடிகூட எடுத்து வைக்காமலேயே வேட்டைப் பரப்பு பலமடங்கு கூடிவிடுகிறது. இதைத் தெளிவாக விவரித்துப் பதிவு செய்தவர் மெய்ன்தான். சருகில்லாத தரையில் இந்த ஏற்பாடு நடக்காது. ஆடு மிதித்த இடத்தில், அடிக்கடி எரிந்த இடத்தில் மூடியை மறைக்கவும் ஒன்றுமில்லை, நீட்டி வைக்கவும் ஒன்றுமில்லை.

உள்ளே இன்னொரு தந்திரம். வளையின் கீழ்ப்பாதியில் நூல் உறை சுவரோடு முழுக்க ஒட்டியிருக்காது. பூரான் மாதிரி ஒன்று கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், சிலந்தி அந்த உறையைக் கீழே இழுத்து வாயை மூடிக்கொள்ளும். உறைக்கும் சுவருக்கும் நடுவில் சேர்த்து வைத்திருந்த மண்ணும், தின்று போட்ட எச்சங்களும் அதன் மேல் சரியும். வந்த பூரானுக்கு வளை அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி தெரியும்.

காலை முழுக்க ஒன்றையும் காணோம். மூடியைத் தேடினால் தெரியாது. கோடுகளைத் தேட வேண்டும். இயற்கையில் சருகு எப்படியோ கிடக்கும். ஒரு புள்ளியிலிருந்து விரிந்து கிடக்காது. பதினோரு மணி வாக்கில் மச்சான்தான் முதலில் பார்த்தார்.

"மாப்ள, இங்க பாரு, யாரோ குச்சி அடுக்கி வெச்சிருக்காங்க."

யாரும் அடுக்கவில்லை. மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றிச் சவுக்கு ஊசிகளும் அகேசியா இலைகளும். வட்டத்தின் விளிம்பு மட்டும் சுற்றுமண்ணைவிட அரைச் சாயல் கருமை. அதற்குப் பிறகு கண் பழகிவிட்டது. அதே புதரைச் சுற்றிச் சின்னச் சின்ன மூடிகள் இன்னும் சில, ஒன்று சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. குஞ்சுகள் தாய் வளையைவிட்டு நடந்து கிளம்பி, பெரும்பாலும் பக்கத்திலேயே தங்களுக்கென்று வளை தோண்டிக்கொள்ளும். காற்றில் நூல் விட்டுப் பறந்து ஊர் தாண்டும் சிலந்திகள் உலகத்தில் நிறைய உண்டு, இது அந்த ரகம் இல்லை. அப்படியிருக்கும்போது இந்தக் காட்டுக்கும் அடுத்த காட்டுத் துண்டுக்கும் நடுவில் இருக்கும் கோதுமை வயலை இது எப்படித் தாண்டும்?

பெண் தோண்டிய வளையைச் சாகும்வரை விடாது. வளர வளர அதையே அகலமாக்கும், மூடியையும் பெரிதாக்கும். அடுத்தவள் செத்துக் காலியான வளையில் குடியேறுவதும் வழக்கமில்லை. ஆண் வளர்ந்ததும் வளையைவிட்டு வெளியேறி, மழைக்குப் பின் பெண்ணைத் தேடி அலைந்து, இணைந்த பிறகு அந்தப் பருவத்தோடே செத்துவிடும். நாற்பது வருடக் கணக்கெல்லாம் பெண்ணுக்கு மட்டும்தான்.

இந்தக் குணங்களை வைத்துத்தான் மெய்ன் 1974-ல் இங்கே வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைக்கும் பக்கத்தில் எண் போட்ட ஒரு முளையை அடித்து வைத்தார். அந்த முதல் வருடத்தில் முளை அடிக்கப்பட்டவர்களில் ஒருத்திதான் பதினாறாம் எண். அப்போது குஞ்சுப் பருவம் தாண்டாத வயது. பிறகு தவறாமல் திரும்பி வந்து, மூடி இருக்கிறதா, அகலம் என்ன, புதிதாக யார், யார் போனார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தார். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முளை, நோட்டு, முட்டி போடத் தெம்பு. ஆய்வு தொடங்கும்போது மெய்னுக்கு 45 வயது. பதினாறாம் எண் செத்தபோது 87. கடைசி வருடங்களில் அவரால் வர முடியாமல்போக, கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் லியாண்டா மேசன் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டார். காட்டுக்கு வந்தால் முதலில் பதினாறைத்தான் பார்ப்பார்களாம்.

2016 அக்டோபர் 31 அன்று மேசன் வந்தபோது மூடியில் ஒரு துளை இருந்தது. வளை சிதைந்திருந்தது, சிலந்தி இல்லை. முந்தைய வருகையின்போது உயிரோடு இருந்தவள். மூப்பு காரணமில்லை, பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவி என்பது அவர்கள் முடிவு. இந்தக் குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கி, மேலே முட்டையிட்டுவிடும். புழு வெளியே வந்து உயிரோடு இருக்கும் சிலந்தியைத் தின்று வளரும். 2018-ல் கட்டுரை வந்ததும் உலகப் பத்திரிகைகள் எல்லாம் 43 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அந்தச் சாதனைப் பட்டியல் சமாசாரத்தில் பெரிய ஈர்ப்பு இல்லை. யாரும் முளை அடிக்காத காட்டில் ஐம்பது வயதுக்காரி இருந்திருக்கலாம். நாற்பத்திரண்டு வருடம் ஒரே இடத்துக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்களே, அதற்கு இன்றைய நிதி வழங்கும் முறையில் இடம் கிடைக்குமா என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது முடிவு காட்டச் சொல்கிற காலத்தில் பதினாறாம் எண்ணுக்கு அவள் பருவமடைவதற்கு முன்பே கோப்பு மூடியிருப்பார்கள். கையஸ் பெண் முட்டையிடும் வயதுக்கு வரவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும்.

முளைகள் இருக்கும் ஆய்வு இடத்தைத் தேடிப்பிடித்து அதற்குள் கால் வைக்க நான் விரும்பவில்லை. மச்சான் கண்டுபிடித்த வளையே போதும் என்று அங்கேயே இருந்துகொண்டோம். புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் கொஞ்சம் கண்ணயர்ந்து, நாலரைக்கு மறுபடி வந்து உட்கார்ந்தோம். இங்கே ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும்.

சிவப்புத் தாள் சுற்றிய டார்ச். மூடியிலிருந்து இரண்டடி தள்ளிக் குப்புறப் படுத்தேன். வெளிச்சம் போன கொஞ்ச நேரத்தில் மூடியின் முன்விளிம்பு ஒரு நெல்மணி கனத்துக்குத் தூக்கியிருந்தது. எப்போது தூக்கியது என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அந்த இடைவெளியில் கறுப்பாக நாலு கால் நுனிகள், விளிம்பின் மேல் வைத்தபடி. முதலில் சின்ன எறும்பு ஒன்று ஒரு ஊசியிலையின் மேல் ஏறி முழுக்க நடந்து இறங்கிப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு எறும்பு. அதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு முழங்கை மரத்துவிட்டது. குளிர் சட்டைக்குள் ஏறிவிட்டது. பிறகு கறுப்பாக ஒரு வண்டு, விரல்நகம் அளவு இருக்கும், அகேசியா இலை ஒன்றின் நுனியில் காலை வைத்தது. இரண்டடி கூட வைத்திருக்காது. டப் என்று ஒரு சத்தம். மூடி மூடியிருந்தது, வண்டு இல்லை. இலை மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருந்தது. திறந்ததையோ சிலந்தி வெளியே வந்ததையோ நான் பார்க்கவே இல்லை.

"போச்சா?" என்றார் மச்சான்.

"போச்சுங்க."

"நான் கொட்டாவி விட்டுட்டேன்டா மாப்ள."

இன்னொரு தடவைக்குக் காத்திருக்கலாம் என்றால் இருட்டில் கங்காரு சாலையில் குதிக்கும், மெதுவாகத்தான் போக வேண்டும் என்று சொல்லிக் கிளப்பிவிட்டார். சொன்னது சரிதான், விடுதிக்குள் வருவதற்குள் இரண்டு குதித்தன.

திங்கள், பெர்த் திரும்பி

காலையில் நேராகத் திரும்பாமல் கிளைச் சாலைகளில் கொஞ்சம் சுற்றினோம். பள்ளமான இடங்களில் எல்லாம் வெள்ளையாக உப்பு. செத்த மரங்கள் அதில் அப்படியே நிற்கின்றன. பக்கத்தில் சாம்ஃபயர் என்ற உப்புச்செடி மட்டும் சிவந்து படர்ந்திருக்கிறது.

கடல் காற்றும் மழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த உப்பு இந்த நிலத்துக்கடியில் ஆழத்தில் கிடந்தது. ஆழ வேரோடிய புதர்களும் மரங்களும் பெய்த மழையை வருடம் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தவரை உப்பு கீழேயே இருந்தது. கோதுமை வருடத்தில் பாதிக் காலம்தான் நிலத்தில் நிற்கிறது, வேரும் மேலோடு சரி. குடிக்க ஆளில்லாத தண்ணீர் கீழே இறங்க, நிலத்தடி நீர்மட்டம் உப்பையும் கரைத்துக்கொண்டு மேலே வந்தது. தலைகீழாகச் சொன்னால் நம் ஊர்ப் பிரச்சினை. அங்கே நீர்மட்டம் இறங்கி அழுகிறோம், இங்கே ஏறி அழுகிறார்கள்.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. நீராவி எஞ்சின்களுக்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டதால் ரயில்வேக்காரர்கள் ஓடைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். காட்டை வெட்டினால் ஓடை உப்பாகிறது என்று டபிள்யூ.இ. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924-லேயே கட்டுரை எழுதி அச்சிட்டார். நேற்று முன்தினம் சொன்ன பத்து லட்சம் ஏக்கர் கொள்கை அதற்குச் சுமார் நாற்பது வருடம் கழித்து வந்தது. அரசாங்கத்திடம் கட்டுரை இல்லாமல் இல்லை.

எஞ்சிய காட்டுத் துண்டுகளில் பள்ளத்தில் இருப்பவற்றுக்கு இந்த உப்பு அடுத்த ஆபத்து. புதர் செத்தால் சருகு இல்லை, சருகு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நேற்றே எழுதிவிட்டேன். அதோடு ஒரு விபரீதமும் இருக்கிறது. கிழவிகள் இருபது முப்பது வருடம் தாக்குப் பிடித்து உட்கார்ந்திருப்பதால், குஞ்சு பொரிப்பது நின்றுபோன காட்டிலும் மூடிகள் இருந்துகொண்டே இருக்கும். போய்ப் பார்ப்பவர் சிலந்தி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்துவிடலாம். அதனால்தான் நேற்று அந்தப் பொத்தான் அளவு மூடிகளைப் பார்த்தபோது பெரிய மூடியைப் பார்த்ததைவிடச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும் வழி முழுக்க விடுமுறைக் கூட்டம், முண்டாரிங்கிலிருந்து ஊர்ந்துதான் வந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள், கோடையில் பல கதவுச் சிலந்திகள் மூடியை நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும். நார்த்தமைத் தாண்டினால் பெட்ரோல் கிடைக்கும் இடத்திலெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். மூடியைக் குச்சியால் நெம்பித் திறந்து பார்க்க ஆசை வரும், வேண்டாம். கீல் பிய்ந்தால் அதைச் சரிசெய்ய அவள் வெளியில் வர வேண்டியிருக்கும், குளவிக்கும் பூரானுக்கும் அதுதான் வேண்டும். சுள்ளிக் கோடுகளின் மேல் மிதிக்காமல், நடந்து வந்த தடத்திலேயே திரும்புங்கள். கதவுச் சிலந்தி கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்து என்று இங்கே யாரும் பயப்படுவதில்லை. இருந்தாலும் கையை நீட்டாதீர்கள். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் மறக்க வேண்டாம். கூட வருகிறவரிடம் கொட்டாவி விடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.